பதினைந்து கண்ணி அகலம்

14 மார்ச் 1999, ஞாயிறு

மோகோ,

ஐந்து மாதமாக நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்று இரண்டு பேரும் வீம்பாக இருந்தோம். என் வீம்பு இன்னும் போகவில்லை. ஆனால் இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் கிடையாது. கடையிலிருந்து போன் செய்யலாம். பத்துப் பேர் ரொட்டிக்கு நிற்கிற இடத்தில் இதையெல்லாம் கத்த முடியாது.

செவ்வாய்க்கிழமை அடுத்த வீட்டுப் புனுவாவும் ஒரு வெள்ளைக்காரரும் வந்தார்கள். புனுவா கடலோரத்து நிலத்தை அவருக்கு அறுபது வருடக் குத்தகைக்கு விட்டிருக்கிறான். வெளியூர்க்காரர்கள் வந்து தங்கக் குடில்கள் கட்டப் போகிறார்களாம். அவர் கையில் உங்கள் நில அளவை அலுவலகம் கொடுத்த கலர் காகிதம். நம் செம்பருத்தி வேலியோரமாக நாலு முளை அடித்து இளஞ்சிவப்பு நாடா கட்டினார்கள். ஒரு முளை கைதாராவின் கல்லறைக் கால்மாட்டுக்கும் அந்தண்டை, வேலியை ஒட்டி நிற்கிறது. அப்படியென்றால் என் புருஷன் தலையோடு காலாக அந்த வெள்ளைக்காரரின் குத்தகைக்குள் படுத்திருக்கிறார்.

“என்னடா இது, புனுவா?” என்றேன்.

“கோவப்படாத அகாய்தி. காகிதத்துல அப்படித்தான் போட்டிருக்கு.”

“நடுவுல இருந்த பாதை எங்கடா போச்சு?”

“அதத்தான் நானும் கேட்டேன். பாதைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதாம். ஒங்க எடம் முடியுற எடத்துல எங்க எடம் ஆரம்பிக்குதாம்.”

“ஒனக்குத் தெரியாதா பாதை இருந்தது? குழி வெட்டும்போது நீயும்தான மண்வெட்டி பிடிச்ச?”

அவன் குனிந்து நாடாவை இறுக்கிக் கட்டினான். வெள்ளைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி வருகிறதாம். ஜூன் முடிவதற்குள் கைதாராவைக் கோயில் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டால் போதும் என்றார். எல்லா வேலையும் அவரே செய்து கொடுப்பாராம்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் உங்கள் அலுவலகத்தில் காட்ட எழுதி வைக்கிறேன். நம் நிலத்துக்கும் புனுவா நிலத்துக்கும் நடுவே ரோட்டிலிருந்து கடல்வரை ஒரு பாதை. அது நமக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. எல்லாருக்கும் பொது. புது ரோடு வந்த பிறகு யாரும் நடப்பதில்லை. நம் ஜனங்கள் செத்தால் வீட்டு முன்னால்தான் புதைப்போம். அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள். கைதாரா மணிஹிக்கிக்காரர், வேறு தீவு இரத்தம், நம் மண்ணில் வைக்கக் கூடாது என்று அபேரா பெரியப்பா நின்றார். போனில் உன்னைக் கேட்டார். நீயும் வேண்டாம் என்றாய். அதனால்தான் யாருக்கும் சொந்தமில்லாத அந்தப் பாதையில் வைத்தோம். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பிடி மண்கூடத் தோண்டவில்லை.

அக்டோபரில் அவர் போய் வருடம் திரும்புகிறது. வழக்கப்படி தலைமாட்டில் கல் நட்டுத் திறக்க வேண்டும். கல்லுக்குச் சொல்லியாகிவிட்டது.

அந்தப் பாதை எங்கே போயிற்று என்று பார்த்து எழுது.

அகாய்தி


22 மார்ச் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வியாழக்கிழமை கணினியில் பார்த்தேன். நம் நிலம் 41-ஆம் எண். புனுவாவின் நிலம் 42. இரண்டும் ஒட்டியே இருக்கின்றன. நடுவில் இடைவெளி எதுவும் இல்லை. உங்கள் தீவு முழுவதற்கும் போன வருடக் கடைசியில்தான் புதிய வரைபடம் முடித்துக் கொடுத்தோம். குத்தகை, நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் இப்போது இதுதான் ஆதாரம்.

ஜனங்கள் நடந்து நடந்து தடம் விழுந்த இடங்கள் எல்லாத் தீவிலும் உண்டு. அவை பழக்கத்தில் வந்தவை. வரைபடத்தில் ஏற வேண்டும் என்பதில்லை. நம்முடையதும் அப்படி ஒன்றாக இருந்திருக்கலாம்.

புனுவாவிடம் பேசிப் பார். குத்தகைக்காரர் ஒத்துக்கொண்டால் கல்லறையை மட்டும் விட்டுவிட்டுத் தொட்டி கட்டலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் கோயில் தோட்டமும் மோசமான இடம் இல்லை. வேண்டுமானால் போதகருக்கு அலுவலகக் கடிதம் வாங்கித் தருகிறேன்.

அக்டோபரில் அத்தானின் அடக்கத்துக்கு வர முடியாமல் போனதற்கு வருந்துகிறேன். அந்த வாரம் வரைபடத்தை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
இயோதியா


2 ஏப்ரல் 1999

மோகோ,

இயோதியா என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். எனக்குக் கடிதம் எழுதினாயா, நீதிமன்றத்துக்கா?

பழக்கம் என்று எழுதியிருக்கிறாய். ஆறாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டது உனக்குச் சோறு போட. வரைபடம் படிக்க உன்னை ஃபிஜிக்கு அனுப்பியதில் கைதாராவின் கையும் இருக்கிறது. மணிஹிக்கியில் முத்துச் சிப்பிக்கு முங்கி முங்கி ஒரு காது கேட்காமல் போன மனுஷன். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் நான் நடந்த இடம் எனக்குத் தெரியும். அப்பாவின் படகை நாலு பேர் தோளில் வைத்துக் கடலுக்குக் கொண்டுபோன வழி அது. அது புனுவா நிலத்தில் இருந்திருந்தால் அவன் அப்பன் தடி எடுத்துக்கொண்டு வந்திருக்கமாட்டானா?

புனுவாவிடம் பேசு என்கிறாய். பேசினேன்.

“நான் என்ன பண்றது சொல்லு. நானாவா அந்தப் பாதைய முழுங்குனேன்? காகிதம் என் வாயில ஊட்டிவிட்டுச்சு.”

“வேணாம்னு துப்பேன்டா.”

“துப்பலாம். கையெழுத்துப் போட்ட பெறகு எப்படித் துப்புறது? கைதாரா என் கூட்டாளி. அவன் வாசல்ல ராத்திரிச் சாப்பாடு எத்தன நாள் சாப்பிட்டிருப்பேன். எனக்கு மட்டும் நல்லாருக்கா இது?”

அவன் கண் கலங்கிவிட்டது. அவனை நான் திட்டவில்லை. பொய் சொல்லத் தெரியாதவன்.

இப்போது நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. கணினி என்ன சொல்கிறது என்று நான் கேட்கவில்லை. கணினிக்கு யாரோ சொல்லித்தானே அது தெரிந்துகொண்டது? யார் சொன்னார்கள்? எதைப் பார்த்துச் சொன்னார்கள்? என்றைக்குச் சொன்னார்கள்?

கோயில் தோட்டம் மோசமில்லை என்கிறாய். அப்படியானால் அப்பாவையும் அம்மாவையும் முதலில் அங்கே மாற்று. பிறகு கைதாராவைப் பற்றிப் பேசலாம்.

அகாய்தி


19 ஏப்ரல் 1999

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

நீ கேட்டபடி கிடங்குக்குப் போய்ப் பழைய துணி வரைபடத்தை எடுத்து விரித்தேன். எழுபது வருடத்துத் துணி. அதில் நம் நிலத்துக்கும் புனுவா நிலத்துக்கும் நடுவில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று இணையாக, ரோட்டிலிருந்து கடல்வரை. நடுவில் பொடி எழுத்தில் “பாதை, 15 கண்ணி” என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் இரும்புச் சங்கிலி போட்டு அளந்தார்கள். சங்கிலியில் நூறு கண்ணி. பதினைந்து கண்ணி என்றால் பத்து அடிக்கு ஒரு விரல் குறைவு.

பாதை இருந்தது. நீ சொன்னது சரி.

அது எப்படிப் போயிற்று என்று எழுதுகிறேன். துணியை ஒரு மேசையில் விரித்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு கருவியை நகர்த்தினால் அந்தக் கோடு கணினிக்குள் ஏறும். இந்த இரண்டு கோடும் ஒழுங்காகத்தான் ஏறியிருந்தன. ஆனால் துணி சில இடங்களில் சுருங்கியிருப்பதால் பக்கத்துப் பக்கத்து நிலங்களின் கோடுகள் சரியாக ஒட்டாது. நடுவில் ஒல்லியாகச் சில்லு சில்லாக இடம் தங்கிவிடும். உண்மையில் அப்படி இடம் எதுவும் கிடையாது, அளவுப் பிழைதான். அவற்றைக் கழிக்க ஒரு கட்டளை உண்டு. இத்தனை அகலத்துக்குக் குறைந்தது எல்லாம் சில்லு என்று சொன்னால், கணினி அவற்றைப் பொறுக்கிப் பட்டியல் போடும். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு சில்லையும் பக்கத்து நிலத்தோடு சேர்த்துவிடும். உன் தீவில் 214 சில்லு வந்தது. ஒவ்வொன்றையும் துணியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அழுத்த வேண்டும். பார்க்காமல் அழுத்திவிட்டார்கள். பாதை புனுவாவின் நிலத்தோடு போய்ச் சேர்ந்தது.

யார் என்று கேட்டாய். ஒவ்வொரு மாற்றத்துக்கும் செய்தவர் பெயரும் நாளும் கணினியில் பதிவாகும். பெயர் என்னுடையது. நாள் 20 அக்டோபர்.

அத்தானைப் புதைத்த நாள்.

அந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று தலைமை அதிகாரி நெருக்கினார் என்பது உண்மை. விமானத்தில் இடம் இருந்தது என்பதும் உண்மை.

வெள்ளிக்கிழமை தலைமை அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குத்தகை பதிவாகிவிட்டதால் துணியை மட்டும் காட்டினால் போதாது, தரையில் அடையாளம் இருக்க வேண்டும் என்றார். அளவுப் புத்தகத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. ரோட்டோரம் பாதையின் புனுவா பக்கத்து மூலையில் ஒரு பவளப் பலகைக் கல்லுக்கு அடியில் இரும்பு ஆணி அடித்திருக்கிறார்கள். புனுவா வீட்டுப் பழைய கிணற்றின் கடல்பக்கச் சுவரிலிருந்து 46 அடி. அந்த ஆணி கிடைத்தால், அங்கிருந்து நம் பக்கமாகப் பத்து அடிக்கு ஒரு விரல் குறைவாக அளந்து பார். அதுதான் நம் நில எல்லை. புனுவாவும் குத்தகைக்காரரும் கூட இருக்கட்டும். அளந்ததை மூன்று பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

வேலியிலிருந்து அளக்காதே. ஆணியிலிருந்து அள.

மோகோ


3 மே 1999

மோகோ,

ஆணி கிடைத்துவிட்டது.

கிணற்றுச் சுவரிலிருந்து 46 அடி அளந்தால் புனுவாவின் பன்றிக் கொட்டிலுக்குள் போய் நின்றது. பெரிய பன்றியை வெளியே தள்ளவே அரைமணி நேரம் ஆயிற்று. புனுவா மண்ணைக் கிளறிக்கொண்டே, “ஒன் தம்பி அங்க நாற்காலில உட்காந்து சொல்லிட்டான், இங்க சாணி அள்ளுறது நான்” என்றான். முழங்கை ஆழத்தில் பலகைக் கல் தட்டியது. அதற்கடியில் என் கட்டைவிரல் பருமனுக்குத் துருப்பிடித்த ஆணி. வெள்ளைக்காரர் குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். எதற்கென்று தெரியவில்லை.

அளவு நாடாவின் ஒரு முனையைப் புனுவா ஆணியில் பிடித்தான். மறுமுனையை நான் பிடித்தேன். பத்து அடிக்கு ஒரு விரல் குறைவாக வந்து நின்றேன். வேலி எனக்கு இன்னும் நாலு அடி அந்தண்டை இருந்தது.

“தப்பா பிடிச்சிருக்கியாடா? எல்ல வேலிகிட்டல்ல வரணும்?”

“நான் சரியாத்தான் பிடிச்சிருக்கேன். நீதான் மூக்க வேலிக்கு நீட்டிட்டு நிக்கிற.”

மறுபடி அளந்தோம். அதே இடம்தான். கடல் முனையிலும் அதே மூலையில் ஒரு ஆணி இருந்தது, அங்கிருந்தும் அளந்தோம். அங்கேயும் வேலி நாலு அடி தள்ளித்தான். புனுவா நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“அட, ஒங்கம்மா! படகுக் கட்டை! ஒங்கப்பன் பெரிய படகு கட்டுனார்ல? படகு சாயாம இருக்கப் பக்கத்துல கட்டுற கட்டையோட சேத்துத் தூக்குனா பாதையில போகாது. யாரு எடம் விடுறதுன்னு ஒங்கப்பனும் எங்கப்பனும் சண்ட போட்டுட்டு இருந்தாங்க. ஒங்கம்மா, ஒழியட்டும், நம்ம எடத்துல நாலடி விட்டுத் தர்றேன்னு வேலிய உள்ள தள்ளி நட்டாங்க. நான் சின்னப் பையன், செடி எடுத்துக் கொடுத்தேனே!”

எனக்கு ஞாபகமே இல்லை. உனக்கு அப்போது இரண்டு வயது. வேலிதான் எல்லை என்றே நான் இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். குழி வெட்டிய எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். வெள்ளைக்காரரும் வேலியை நம்பித்தான் முளை அடித்திருக்கிறார்.

கயிறு கட்டிப் பார்த்தோம். கைதாராவைப் பாதைக்குக் குறுக்காக, கால் நம் வேலிப் பக்கம் வைத்திருக்கிறோம் அல்லவா? கயிறு அவர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலாகப் போகிறது. தலையும் நெஞ்சும் பாதையில். முழங்காலிலிருந்து கீழே, குழியின் ஓரம்வரை மூன்று அடி நம் மண்ணில்.

நீயும் பெரியப்பாவும் கூடாது என்று சொன்ன மண்ணில்.

புனுவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவன் எப்பவும் இப்படித்தான். வாசல்லயே நின்னுட்டுப் போறேன்னு சொல்லிட்டு மெதுவா ஒரு கால உள்ள வப்பான்” என்றான். நானும் சிரித்தேன். ஏழு மாதத்தில் முதல் தடவை.

வெள்ளைக்காரர் நாலு முளையையும் தன் கையாலேயே பிடுங்கினார். தொட்டியைக் கிணற்றுப் பக்கம் வைத்துக்கொள்கிறேன் என்றார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட காகிதம் இதோடு இருக்கிறது.

அவரோடு தீர்ந்தது. சாயங்காலமே செய்தி பெரியப்பாவுக்குப் போய்விட்டது. வந்து கயிற்றைப் பார்த்தார்.

“தோண்டி எடுத்து மூணடி தள்ளி வையுங்க.”

“பெரியப்பா, அவர் படுத்து ஏழு மாசமாச்சு.”

“எழுபது மாசமானா என்ன? இன்னிக்குக் காலு. நாளைக்கு அவன் அண்ணந்தம்பி மணிஹிக்கியிலேருந்து வந்து, எங்காளு படுத்திருக்குற மண்ணு எங்களுக்கும் பங்குன்னு உட்காருவானுங்க. நீ பிள்ள பெத்திருந்தாலாவது அது நம்ம ரத்தம்னு விட்டுரலாம்.”

நான் நேரே போதகரிடம் போனேன். கைதாரா அங்கேயே இருக்கக் குடும்பத்தில் மூன்று பேரும் சம்மதித்தால் போதும் என்று போதகர் சொல்கிறார். நான் ஒருத்தி. பெரியப்பா ஒருத்தர். மூன்றாவது நீ. நீங்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிவிட்டீர்கள்.

பாதையை மீட்டுக் கொடுத்தாய். அதனால்தான் இப்போது அவரை மூன்று அடி நகர்த்தச் சொல்கிறார்கள்.

அகாய்தி


16 மே 1999

அக்கா,

உங்கள் அளவை ஏற்றுக்கொண்டார்கள். பாதை மறுபடி வரைபடத்தில் வந்துவிட்டது. அதற்குத் தனி எண், 41அ. சொந்தக்காரர் என்கிற இடத்தில் “பொது” என்று போட்டிருக்கிறேன்.

என்னைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மீதி 213 சில்லையும் கிடங்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துணியோடு ஒப்பிட வேண்டும். இதுவரை முப்பது பார்த்திருக்கிறேன். அவற்றில் இரண்டு உண்மையில் சில்லே இல்லை. ஒன்று தண்ணீர் வாய்க்கால். இன்னொன்று என்னவென்று தெரியவில்லை. அந்த வீட்டுக்காரர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

இதோடு இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன். ஒன்றில் 41-ஆம் நிலத்தில் அத்தானின் கல்லறை இருக்கும் மூன்று அடிக்கு என் சம்மதம். நீதிபதி முன்னால் கையெழுத்துப் போட்டது. யாரும் மாற்ற முடியாது. இன்னொன்று பெரியப்பாவுக்கு. உறையை ஒட்டவில்லை. நீ படித்துவிட்டுக் கொடு. மணிஹிக்கிக்காரர் யார் வந்து கேட்டாலும், புதைத்த இடத்தால் மட்டும் நிலத்தில் பங்கு வராது என்று நீதிமன்ற எழுத்தரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். அது அவருக்கு அக்டோபரிலேயே தெரிந்திருக்க வேண்டும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் வேலையே அதுதான்.

அன்றைக்குப் போனில் பெரியப்பா கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. அரை நிமிடம் பேசியிருப்போம். ஒரு கையில் போன், ஒரு கை விசைப்பலகையில். “நீங்க பெரியவங்க, ஒங்களுக்குச் சரின்னு பட்டதைச் செய்யுங்க, வேணாம்னா வேணாம்” என்றேன். அத்தானை நினைத்து நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரையும் நினைக்கவில்லை. இதை உன்னிடம் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கல் திறப்புக்கு வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். வர வேண்டாம் என்றால் எழுது.

மோகோ


6 ஜூன் 1999

மோகோ,

வர வேண்டாம் என்று எழுத மாட்டேன். வா. தலையணை மட்டும் எடுத்துக்கொண்டு வா. இங்கே இருப்பது பழையது, உன் கழுத்துக்கு ஆகாது.

பெரியப்பாவிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. என்னையே படிக்கச் சொன்னார். உன் கையெழுத்தை நானும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். படித்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று. நீ எழுதிய சட்டத்தைக் கேட்டார். போனில் நடந்ததை நீ எனக்கு எழுதியதையும் வாசித்தேன். நீ வாசிக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் வாசித்தேன்.

“அப்படியா எழுதியிருக்கான்?” என்றார்.

“இதோ, இந்த வரி.”

“நான் அவனக் கேட்டதே அவன் மறுத்துப் பேசுவான்னுதான். படிச்சவன், நாலு நியாயம் எடுத்துச் சொல்லுவான், நானும் சரி போகட்டும்னு விட்டுரலாம்னு இருந்தேன். அவன் சட்டுனு சரின்னுட்டான். பெறகு நான் எப்படி எறங்கி வர்றது?”

“பெரியப்பா, நீங்க இப்ப சொல்றது நெசமா?”

“இந்த வயசுல பொய் சொல்லி எனக்கு என்னடி ஆகப்போகுது? பேனா எடு.”

கையெழுத்துப் போட்டார். கல் மட்டும் பாதையில்தான் நிற்க வேண்டும், நம் மண்ணில் நிற்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. தலை அங்கேதானே இருக்கிறது, கல்லும் அங்கேதான் நிற்கும் என்றேன். அதை அவர் யோசித்திருக்கவில்லை. முனகிக்கொண்டே போய்விட்டார். மறுநாள் ஒரு குலை வாழைக்காய் வந்தது.

ஆக, கைதாரா அசைய வேண்டியதில்லை. மூன்று காகிதமும் போதகரிடம் இருக்கிறது.

நேற்று முழுக்க அவர் பக்கத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பெரியப்பா சொன்னதே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நீ மறுப்பாய் என்று காத்திருக்கிறார். நீ அவர் முடிவு செய்துவிட்டார் என்று நினைத்திருக்கிறாய். நான் இந்தப் பக்கம் ஒரு மனுஷனைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிப்பதற்காக நின்றேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் யாரும் மனசார வேண்டாம் என்று சொல்லவே இல்லை. ஆனாலும் அது நடந்தது.

நீ பிழையை ஒத்துக்கொண்டது எனக்குத் தெரியும். அதற்காக உன் நாற்காலி போனதும் தெரியும். இதைக் கேட்பது உன்னைக் குத்துவதற்கு இல்லை, மோகோ. வேறு யாரிடமும் கேட்க முடியாது, அவ்வளவுதான். அன்றைக்கு விமானத்தில் இடம் இருந்தது என்று நீயே எழுதினாய். அதில் ஏறி வந்து, இந்த வாசலில் செருப்பைக் கழற்றி, கைதாராவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது பெரியப்பா உன்னைக் கேட்டிருந்தால், நீ என்ன சொல்லியிருப்பாய்?

அகாய்தி